சி.வி. வேலுப்பிள்ளை: பத்திரமில்லாத மக்களின் சாட்சி

வட்டகொடை, மடக்கும்புர தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையை மக்கள் கவிமணி என மலையகம் போற்றி வருகின்றது. கவிஞர், நாவலாசிரியர், தொழிற்சங்கவாதி, பாராளுமன்ற உறுப்பினர் எனப் பல நிலைகளில் அவர் நினைவுகூரப்படுகின்றார். ஆயினும், ஒரு சமூகத்தின் நியாயத்தை மற்றையோர் ஏற்கும்படி எழுதுவது எவ்வாறு என்பதில் அவரிடம் நாம் கற்க வேண்டியவை இன்னும் உள்ளன.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றபோது, தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக அவர் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், விவாகமானவர்கள் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ச்சியாக இந்நாட்டில் வசித்தமையை நிரூபிக்க வேண்டுமென்றது. லயன் காம்பிராவில் பிறந்து, கொழுந்துக் கூடையோடு தோட்டத்துக்குத் தோட்டம் மாறிய தொழிலாளியிடம் பத்திரம் ஏது? 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. வாக்குரிமையும் பறிபோகவே, 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதித்துவம் அற்றுப்போயிற்று.

சட்டம் கடதாசியில் ஆதாரம் கேட்டது. வேலுப்பிள்ளையின் எழுத்தோ வேறுவகை ஆதாரத்தை முன்வைத்தது எனலாம்.

முதலாவதாக, யாருக்கு எழுதுகின்றோம் என்பதை அவர் அறிந்திருந்தார். மலையகத்தின் துயரை மலையகத்துக்குச் சொல்வது மட்டும் போதாது. ஆகவே, தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தமது நெடுங்கவிதையை, அதிகாரத்தில் இருந்தோரும் கொழும்பில் கற்றோரும் வாசித்த ஆங்கிலத்தில் எழுதினார். பின்னர் சக்தீ பால ஐயாவின் தமிழாக்கத்தின் மூலம் அது தமிழ் வாசகரின் உடைமையுமாயிற்று. தேயிலைக்கு உரமாகி, நினைவுச் சின்னமும் இன்றி மண்ணில் புதைந்த முன்னோரை அக்கவிதை நம் கண்முன் நிறுத்துகின்றது. நாட்டுக்கு வந்தேறியவர் என்ற வாதத்துக்கு இதைவிட வலிய மறுமொழி எது?

இரண்டாவதாக, பொதுப்படையான புலம்பலை விடுத்து மனிதர்களைக் காட்டினார். 1970ஆம் ஆண்டு வெளிவந்த உழைக்கப் பிறந்தவர்கள் என்னும் ஆங்கில நூலில் தோட்டத்து மனிதர்களும் அவர்தம் வழக்கங்களும் உயிர்ச்சித்திரங்களாக விரிகின்றன. தொழிலாளரை எண்ணிக்கையாகவே கண்டு பழகியவருக்கு அவை முகங்களைக் காட்டின.

மூன்றாவதாக, மக்களின் வாய்மொழியையே சாட்சியாக்கினார். கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் பாடப்பட்ட பாடல்களைத் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு மலைநாட்டு மக்கள் பாடல்கள் என 1983ஆம் ஆண்டு நூலாயிற்று. எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத பசியும் பிரிவும் கங்காணியின் கெடுபிடியும் அப்பாடல்களில் பதிவாகியுள்ளன. பத்திரமில்லாத மக்களுக்குப் பாட்டே பத்திரமாயிற்று.

இவ்வெழுத்தால் சட்டம் உடனே மாறிவிடவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அம்மக்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1984ஆம் ஆண்டு வேலுப்பிள்ளை மறைந்தபோதும் நாடற்றோர் பிரச்சினை தீர்ந்திருக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது.

பிரஜாவுரிமை கிடைத்தபின்னும் காணிக்கும் வீட்டுக்குமான கோரிக்கை தொடர்கின்றது. அதற்காக மகஜர்களும் அறிக்கைகளும் எழுதுவோர், உரத்த சொற்களை அடுக்குவதால் மட்டும் எவரும் இணங்குவதில்லை என்பதை மனங்கொள்ளல் வேண்டும். கேட்பவரின் மொழியில், காணக்கூடிய உண்மையுடன், மக்களின் சொந்தக் குரலைக் கொண்டு பேசுவதே வேலுப்பிள்ளை காட்டிச் சென்ற வழியாகும்.