திக்கற்ற சிறாருக்குத் திசைகாட்டிய அடிகளார்

கிழக்கிலங்கை ஈன்ற பெரியாருள் சுவாமி விபுலானந்த அடிகளாரின் திருநாமத்தை அறியாதார் நம்மவருள் எவருமிலர். யாழ்நூல் தந்த முத்தமிழ் வித்தகர் என்றும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் என்றும் நாம் அவரைப் போற்றி வருகின்றோம். அப்போற்றுதல் தக்கதே. ஆயினும், அடிகளாரின் வாழ்க்கையிலே நாம் எளிதில் மறந்துவிடுகின்ற ஒரு பகுதியுமுண்டு. தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளுக்கும், வறுமையினாற் கல்வி தடைப்பட்ட பிள்ளைகளுக்கும் உணவும் உறைவிடமும் கல்வியும் கிடைக்கச் செய்து, அவர்களை நல்வழியில் நிறுத்துதற்கு அவர் புரிந்த தொண்டே அப்பகுதியாகும். இளைஞர்களும் பெரியோர்களும் கூடியுள்ள நமது சங்கத்துக்கு அத்தொண்டின் வரலாறே பெரிதும் பயன்படும் என்று கருதி, அதனை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலோரத்தில், கண்ணகி அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற காரைதீவு என்னும் கிராமத்திலே, 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக அடிகளார் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிவு பெற்றார். வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழும் வடமொழியும் பயின்றார். பின்னர் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி கற்று, 1908ஆம் ஆண்டு, தமது பதினாறாவது வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார்.

இவ்விடத்திலே நாம் ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். மயில்வாகனன் அறிவிற் சிறந்த பிள்ளை என்பதில் ஐயமில்லை. எனினும், அக்காலத்துக் காரைதீவிலே அறிவுடைய பிள்ளை அவர் ஒருவர் மாத்திரமா இருந்திருப்பார்? ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் ஒவ்வொரு வேளையிலும் அவருடைய கையைப் பற்றி அழைத்துச் செல்ல ஒரு பெரியவர் இருந்தார். வீட்டிலே தந்தையார், ஊரிலே ஆசிரியர், பட்டினத்திலே கத்தோலிக்கக் குருமார் என வழித்துணை இடையறாது தொடர்ந்தது. அத்துணை இல்லாத பிள்ளைகள் வயலிலும் தோணியிலும் கூலி வேலையிலும் தம் இளமையைக் கழித்தனர். இவ்வேறுபாடு பிற்காலத்தில் அடிகளார் புரிந்த தொண்டினை விளங்கிக் கொள்ளுதற்கு நமக்குப் பெரிதும் உதவும்.

ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட இளைஞர், 1911ஆம் ஆண்டு கொழும்பு ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து பயிற்சி பெற்றார். பின்பு கொழும்பிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று டிப்ளோமா பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தினார். இலங்கையிலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல்வர் அவரே. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார்; இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக அமர்ந்தார். முப்பது வயது நிரம்புதற்கு முன்னரே கல்வியும், பதவியும், நன்மதிப்பும் அவரிடம் வந்து சேர்ந்தன. இத்தகைய நிலையை அடைந்த ஒருவர் அதனைக் காத்துக் கொள்ளவே முயலுவர் என்பது உலகியல்பு. மயில்வாகனனாரோ 1922இல் அனைத்தையும் துறந்து, மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சென்றடைந்தார்.

அங்கே அவர் பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பூண்டு, இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்ச் சஞ்சிகைக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கிலச் சஞ்சிகைக்கும் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1924ஆம் ஆண்டு சித்திரா பௌர்ணமி தினத்திலே, இராமகிருஷ்ண சங்கத்தின் தலைவராக அந்நாளில் விளங்கிய சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று, விபுலானந்தர் ஆயினார்.

அந்த மயிலாப்பூரிலே, மடத்துக்கு அணித்தாக, இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் நடைபெற்று வந்தது. சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலினால் 1905இல் ஏழு பிள்ளைகளுடன் தொடங்கப்பெற்ற இல்லம் அது. ஆதரவற்ற பிள்ளைகள் ஒரு குடும்பம் போல அங்கே தங்கிக் கல்வி கற்றனர். அவ்வில்லத்தைக் கட்டியெழுப்பிய இராமசுவாமி ஐயங்காரும், அவர்க்குத் துணைநின்ற இராமாநுஜாசாரியாரும் துறவிகள் அல்லர், இல்லறத்தார். தாமே வீடுதோறும் சென்று பொருள் திரட்டி, தாமே பிள்ளைகளின் நலம் பேணினர். துறவியின் அருளும் இல்லறத்தாரின் உழைப்பும் ஒன்று சேர்ந்தால் திக்கற்ற பிள்ளைக்கு ஒரு வீடு உண்டாகும் என்பதற்கு அவ்வில்லம் கண்கூடான சான்றாய் விளங்கியது. அடிகளார் சில ஆண்டுகள் வாழ்ந்தது இத்தகைய பணியின் அயலிலேயே என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

1925இல் அடிகளார் தாயகம் திரும்பி, இலங்கையில் இராமகிருஷ்ண சங்கத்தின் கல்விப்பணியைப் பொறுப்பேற்றார். யாழ்ப்பாணத்தில் வைத்தீஸ்வர வித்தியாலயமும், திருகோணமலையில் இந்துக் கல்லூரியும், மட்டக்களப்புப் பகுதியிற் பல கிராமப் பாடசாலைகளும் சங்கத்தின் முகாமையில் இயங்கின. அந்நாளிலே கிழக்கு மாகாணத்துச் சைவப் பிள்ளைகள் உயர்ந்த கல்வி பெறுதற்குப் பெரும்பாலும் கிறித்தவ சபையாரின் கல்லூரிகளையே நாடவேண்டியிருந்தது. அக்கல்லூரிகளிற் கற்றவரே அடிகளாரும், ஆதலால் அவற்றின் அருமையை அறிந்திருந்தார், நன்றியும் மறந்திலர். ஆனால், தம் சமயச் சூழலிலே வளர்ந்து, அதே தரத்தில் விஞ்ஞானமும் மொழியும் கற்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கும், சிறப்பாக ஏழைப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று உறுதி பூண்டார்.

அவ்வுறுதியின் பயனாக எழுந்ததே கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலயம். மட்டுநகரிலிருந்து வாவியைக் கடந்து பாலத்தால் அப்பாற் சென்றால், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்திலே அது அமைந்துள்ளது. நிலவு பொழியும் இரவுகளில் நீருக்குள்ளிருந்து இன்னொலி எழும் என்று மக்கள் கூறுவது இந்த வாவியைப் பற்றியே. அவ்வொலியை அடிகளாரும் செவிமடுத்துச் செய்யுள் இயற்றினார். 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அவ்வித்தியாலயத்துக்குத் தமது பெயரையன்றித் தமக்குத் துறவு தந்த குருநாதரின் பெயரையே சூட்டினார். பாடசாலையோடு அவர் அமைதி கொண்டாரில்லை. பாடசாலை பகலிற் சில மணி நேரம் பிள்ளையைக் காக்கும். மாலையில் அப்பிள்ளை எங்கே போகும்? திரும்பிச் செல்ல வீடில்லாத பிள்ளைக்குப் புத்தகமும் கரும்பலகையும் மாத்திரம் போதுமா? இவ்வினாவுக்கு விடையாகவே மாணவர் இல்லம் அமைந்தது. பெண்பிள்ளைகளின் கல்விக்கும் காப்பிற்கும் காரைதீவிலே சாரதையின் திருப்பெயரால் வழி செய்யப்பெற்றது.

இத்தொண்டிலே அடிகளார் சாதி வேற்றுமை பாராட்டினாரில்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகச் சென்றிருந்த காலத்திலே, அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குத் தாமே சென்று, ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். பல்கலைக்கழகத்தில் உயர்ந்த இலக்கியம் போதித்த நாவே, சேரிச் சிறாருக்கு அரிச்சுவடியும் போதித்தது. இரண்டிலும் அவர் உயர்வு தாழ்வு கண்டிலர்.

இனி, நாம் சிறப்பாகக் கருத வேண்டியது யாதெனில், அடிகளார் கல்லடியில் நிலையாகத் தங்கியிருக்க இயலவில்லை என்பதாகும். 1931 முதல் 1933 வரை சிதம்பரத்தில் இருந்தார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலச் சஞ்சிகையை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியப் பதவி ஏற்றுக் கொழும்பில் வாழ்ந்தார். இவற்றுக்கிடையே பல ஆண்டுகள் யாழ்நூல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். தலைவர் அயலூரிலிருக்க, கல்லடியிலே பிள்ளைகள் பட்டினி கிடந்தனரா? இல்லத்தின் கதவு மூடப்பட்டதா? இல்லை. காரைதீவிலே பிறந்து அடிகளாரின் வழியிலே துறவு பூண்ட சுவாமி நடராஜானந்தர், பாடசாலைகளையும் இல்லத்தையும் கண்ணை இமை காப்பதுபோலக் காத்து வந்தார். ஆசிரியர்கள் துணை நின்றனர். ஊர்ப் பெரியோர் பொருளும் நேரமும் உதவினர். ஒருவர் இல்லாதபோதும் நடைபெறுவதே உண்மையான தருமம். தம்மையே தூணாக்கி மேலே கூரை வேய்பவர், தாம் அகன்றவுடன் அக்கூரை வீழ்வதையே காண்பர். அடிகளாரோ பல தூண்களை நிறுத்திவிட்டுச் சென்றார்.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. நோயுற்றிருந்த அடிகளார் அவ்விழாவைக் கண்டு மீண்ட சில வாரங்களில், ஜூலை 19ஆம் திகதி, கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அன்னாரின் பூதவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பெற்றது. பேராசிரியராக இருந்த கொழும்பிலன்றி, பிள்ளைகள் ஓடி விளையாடும் நிலத்திலேயே அவர் துயில்கின்றார். இதனிலும் பொருத்தமான இடம் வேறுண்டோ?

அடிகளார் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், 1960ஆம் ஆண்டின் சட்டப்படி உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளும் அரசின் வசமாயின. ஆயினும் இல்லங்கள் சங்கத்தின் பராமரிப்பிலேயே தொடர்ந்தன. பின்வந்த போர்க்காலமும், 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி கல்லடிக் கரையையும் தாக்கிய ஆழிப்பேரலையும், கிழக்கிலே பெற்றோரை இழந்த பிள்ளைகளின் தொகையைப் பெருக்கின. அடிகளார் காலத்திற் காணப்பட்ட தேவை அவரோடு மறையவில்லை, பன்மடங்காகியது.

இவ்வரலாற்றிலிருந்து நமது சங்கத்தார் கற்க வேண்டியவை சில உள. முதலாவதாக, பொருளுதவி வேறு, வழித்துணை வேறு. அரிசி மூடையும் கொப்பிப் புத்தகமும் கொடுத்துப் படம் பிடித்துக் கொள்வது ஒரு நாட் காரியம். ஒரு பிள்ளையின் பெயரை அறிந்து, அவன் எந்தப் பாடத்திற் பின்னடைகின்றான், எதற்காக மூன்று நாள் பாடசாலைக்குப் போகவில்லை, யாரோடு கூடித் திரிகின்றான் என்று விசாரித்தறிவது ஆண்டுக்கணக்கான காரியம். பிள்ளையைத் தாங்குவது பின்னதே. இரண்டாவதாக, இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு மிகக் கடினமான காலம் அவன் அங்கிருந்து வெளியேறும் காலமாகும். பதினெட்டு வயதில் வாயிலைக் கடக்கும்போது, வேலைக்குச் சிபாரிசு சொல்லத் தந்தையில்லை; கஷ்டம் வந்தாற் போய்ச் சாப்பிடத் தாய் வீடில்லை. அவ்வேளையிற் சங்கத்தின் பெரியோர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்கேனும் அந்த இடத்தில் நிற்பாராயின், அது பெரும் புண்ணியமாகும். மூன்றாவதாக, இன்று தலைமை வகிப்போர் நாளை இருக்கப்போவதில்லை. ஆதலின், இளைஞரை வெறும் பந்தல் போடுதற்கும் கதிரை தூக்குதற்கும் மாத்திரம் அழைக்காது, கணக்கையும் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைத்துப் பழக்குதல் பெரியோர் கடன். அவற்றை ஏற்றுச் செய்தல் இளைஞர் கடன்.

மயில்வாகனன் என்னும் சிறுவனுக்குக் கைகொடுத்தவர் பலர். அவர்களுக்குப் பட்ட கடனை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க அவரால் இயலவில்லை, ஒருவராலும் இயலாது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தே அவர் அக்கடனைத் தீர்த்தார். நாமும் அவ்வாறே கடன்பட்டவர்கள். ஆகவே, அடிகளாரின் திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டும் கைகள், அம்மாலை வாடுமுன்னரே ஒரு பிள்ளையின் கையைப் பற்றுவனவாகுக. அதுவே அன்னாருக்கு நாம் செய்யும் மெய்யான அஞ்சலியாகும்.