மசூலிப்பட்டினத்து டாக்டர் பட்டாபி சீதாராமய்யா

கிருஷ்ணா நதி கடலோடு கலக்கும் முகத்துக்கு அணித்தாய் விளங்குவது மசூலிப்பட்டினம். ஆந்திர மக்கள் இதனைப் பந்தர் என வழங்குவர். ஆங்கிலேயர் 1611-ஆம் ஆண்டிலேயே இங்குப் பண்டகசாலை அமைத்தனர். இவ்வூர்க் கலம்காரித் துணிகள் பாரசீக நாடு வரை சென்று விலை போயின. எனினும், 1864 நவம்பர் முதல் நாள் புயலில் கடல் பொங்கி ஊருக்குட் புகுந்து ஏறத்தாழ 30,000 உயிர்களைக் கவர்ந்தது. துறைமுகத்தின் சீரும் நாளடைவில் குன்றிற்று.

இவ்வண்ணம் நலிந்திருந்த நகருக்கு 1906-ஆம் ஆண்டு வாக்கில் மருத்துவராய் வந்தவரே போகராஜு பட்டாபி சீதாராமய்யா. 1880 நவம்பர் 24-இல் குண்டுகொலனு என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்திற் பிறந்து, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிற் கற்று, பின்னர் சென்னையிலேயே மருத்துவப் பட்டமும் பெற்றவர். பத்தாண்டுக் காலம் நல்ல வருவாயோடு வைத்தியம் புரிந்தவர், தேசப் பணிக்கென அத்தொழிலையே துறந்தார். கொப்பல்லெ ஹனுமந்தராவ், முட்நூரி கிருஷ்ணராவ் ஆகியோருடன் கூடி இந்நகரில் ஆந்திர ஜாதீய கலாசாலையை நிறுவியதிலும் அவருக்குப் பங்குண்டு.

அவர் கண்டறிந்த பெரிய நோய் கடன். டெல்டாவின் உழவர், விதைக்கும் உரத்துக்கும் வட்டிக் கடைக்காரரையே நாடி நின்றனர். 1915-இல் எழுந்த கிருஷ்ணா ஜில்லாக் கூட்டுறவு வங்கியில் தொடங்கிய அவர் முயற்சி, 1923 நவம்பரில் ஆந்திரா வங்கியாக உருப்பெற்றது. செலுத்திய மூலதனம் ஒரு லட்ச ரூபாய். அனுமதி பெற்றதோ பத்து லட்சம். 1925-இல் ஆந்திரா இன்ஷூரன்ஸ் கம்பெனி தோன்றியது. திருப்பணிக்குப் பொருள் திரட்டிய அன்பர்கள் நன்கறிவார்கள்: பணம் பெறுவது எளிது, தந்தவர் மனத்து நம்பிக்கையைக் காப்பதே அரிது. தம் வருவாயை விட்டொழித்த ஒருவர் பிறர் பொருளுக்குக் காவலராய் நின்றதனாலேயே அவ்வங்கி வேரூன்றியது என்று கொள்வது மிகையன்று.

அரசியலில் அவர் பெற்ற தோல்வியே பலர்க்கு நினைவிலுள்ளது. 1939-இல் காங்கிரஸ் தலைமைக்குச் சுபாஷ் சந்திர போஸுடன் போட்டியிட்டு, 1,580 வாக்குகளுக்கு எதிராக 1,377 பெற்றார். காந்தியடிகள் அத்தோல்வியைத் தமதாகவே ஏற்றார். 1942 முதல் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் நேரு, படேல், ஆசாத் முதலியோருடன் இருந்தார். 1948-இல் ஜெய்ப்பூர்க் காங்கிரஸின் தலைவரானார்.

அவருக்கு வந்த கடுஞ்சோதனை அதன் பின்னரே. நெடுங்காலமாய் ஆந்திரத் தனி மாகாணம் வேண்டி நின்ற அவர், நேருவும் படேலும் உடனிருந்த குழுவில் அமர்ந்து, சென்னை நகரைக் கைவிட்டாலன்றி மாகாணம் இயலாது என்ற 1949-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்பமிட நேர்ந்தது. சொந்த மக்களே குறை கூறினர். ஆயினும், 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் சென்னையின்றியே பிறந்தது.

1952 முதல் 1957 வரை மத்தியப் பிரதேச ஆளுநராயிருந்து, 1959 டிசம்பர் 17-இல் ஹைதராபாத்தில் காலமானார். பந்தரில் அவர் தொடங்கிய வங்கி 1980-இல் நாட்டுடைமையாகி, 2020 ஏப்ரல் முதல் நாள் யூனியன் வங்கியுடன் இணைந்தது.