தனித்து நின்ற ஆய்வாளர்

1934இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் பிறந்தவர் ஹவார்ட் தெமின். கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஆர்.என்.ஏ. வைரசு ஒன்றை அவர் ஆராய்ந்தார். அவ்வைரசு டி.என்.ஏ.யாக மாறிக் கலத்தின் மரபுப் பொருளோடு கலந்துவிடுகிறது என 1964இல் அவர் கூறியபோது, அறிஞர் பலர் ஏற்கவில்லை. டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. தோன்றுமேயன்றி, மறுவழி இல்லை என்பதே அவர்களது எண்ணம். தெமின் தளரவில்லை. 1970இல், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில், மிசுதானி என்பவருடன் சேர்ந்து அம்மாற்றத்தைச் செய்யும் நொதியத்தைக் கண்டார். அதே வேளை டேவிட் பால்டிமோரும் தனியே அதனைக் கண்டறிந்தார். டுல்பெக்கோவும் சேர, மூவரும் 1975இல் நொபெல் பரிசு பெற்றனர். பரிசு பெறச் சென்ற இடத்திலேயே தெமின் புகைத்தலைக் கண்டித்துப் பேசினார். புகைக்காதவரான அவரை, 1994இல், 59ஆவது வயதில் நுரையீரற் புற்றுநோயே கொண்டுசென்றது. ஆயினும் அவர் சொன்ன புத்திமதி பொய்க்கவில்லை. அந்நோய்க்கு முதற் காரணம் இன்றும் புகைத்தலே.