ஆறு முறை திரும்பி வந்தவர்

எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்தவர்கள் யார் என்று கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவீர்கள். எட்மண்ட் ஹிலாரி, டென்சிங் நார்கே. பொது அறிவுத் தேர்வில் அது ஒரு மதிப்பெண் கேள்வி. சரி, நான் இன்னொரு கேள்வி கேட்கட்டுமா? அதே டென்சிங் அதே எவரெஸ்டின் உச்சியைத் தொட முடியாமல் எத்தனை முறை திரும்பி வந்தார்?

ஆறு முறை! ஏழாவது முறைதான் உச்சியைத் தொட்டார். முதல் ஆறு முறையும் உயிரோடு திரும்பி வரத் தெரிந்திருந்ததால்தான், ஏழாவது முறை போவதற்கு அவர் இருந்தார். பிள்ளைகளே, இந்த வாரம் அவருடைய கதையைத்தான் சொல்லப் போகிறேன். மலை, குன்று, பாறை என்று கேட்டாலே கால் துறுதுறுக்கும் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகவே கவனியுங்கள்.

யாக் மேய்த்த சிறுவன்

டென்சிங் 1914-ஆம் ஆண்டு ஓர் ஏழை ஷெர்பா குடும்பத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பதின்மூன்று குழந்தைகளில் அவர் பதினோராவது. பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. வயலில் பயிர் நின்ற நிலையையும் பருவத்தையும் வைத்து, மே மாதக் கடைசி என்று கணக்குப் பார்த்தார்கள். அவருக்கு முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. பிறகு ஒரு புத்த மடத்தின் தலைமை லாமா சொன்னபடி டென்சிங் நார்கே என்று மாற்றினார்கள்.

நேபாளத்தில், எவரெஸ்டுக்குப் பக்கத்தில் உள்ள தாமே என்ற கிராமத்தில் அவர் வளர்ந்தார். சடை சடையாக முடி தொங்கும் யாக் என்ற மாடுகளை மேய்ப்பதுதான் வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை. எவரெஸ்டை அங்கே சோமோலுங்மா என்பார்கள். பறவைகூடத் தாண்டிப் பறக்க முடியாத மலை அது என்று அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்த பையனுக்கு, அதன் மேலே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

பதினெட்டு வயது வாக்கில் வீட்டை விட்டுக் கிளம்பி, நம் நாட்டின் டார்ஜிலிங் நகருக்கு வந்து சேர்ந்தார். மலையேறப் போகும் வெள்ளைக்காரக் குழுக்கள் அங்கேதான் ஆள் எடுத்தார்கள். 1935-இல் எரிக் ஷிப்டன் தலைமையில் ஒரு குழு எவரெஸ்டுக்குப் புறப்பட்டது. சுமை தூக்கும் வேலைக்கு அதில் டென்சிங்குக்கு இடம் கிடைத்தது.

முதல் பயணத்தில் கண்ட காட்சி

அந்த முதல் பயணத்திலேயே அவர்கள் ஒரு துயரக் காட்சியைக் கண்டார்கள். மாரிஸ் வில்சன் என்ற ஆங்கிலேயர், முந்தைய ஆண்டு எவரெஸ்டில் ஏறப் போய்த் திரும்பவே இல்லை. மலையேற்றப் பயிற்சி எதுவும் இல்லாதவர் அவர். இங்கிலாந்திலிருந்து ஒரு சின்ன விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தார். பிறகு கால்நடையாக மலையடிவாரத்துக்குப் போனார். துணைக்கு வந்த ஷெர்பாக்களைக் கீழே விட்டுவிட்டு, தனியாக மேலே போனார். அவருடைய உடலைத்தான் 1935 குழு பனியில் கண்டெடுத்து அடக்கம் செய்தது.

வில்சனுக்குத் துணிச்சல் குறைவா? இல்லவே இல்லை. பயிற்சியும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. மலை அதை மன்னிக்கவில்லை.

திரும்பி நட!

டென்சிங் எவரெஸ்டுக்குப் போன ஆண்டுகளை வரிசையாகச் சொல்கிறேன், விரல் விட்டு எண்ணுங்கள். 1935, 1936, 1938, 1947, 1952 வசந்தகாலம், அதே 1952-இல் இலையுதிர்காலம். ஆறு ஆயிற்றா?

1938-இல் 8,200 மீட்டருக்கும் மேலே சுமையோடு போனார். அதற்காக இமாலயன் கிளப் அவருக்குப் புலிப் பதக்கம் கொடுத்தது. 1947-இல் டென்மன் என்பவரோடு போனபோது பயங்கரப் புயல் அடித்தது. போதும் என்று இறங்கிவிட்டார்கள்.

1952 வசந்தகாலத்தில் சுவிட்சர்லாந்துக் குழுவோடு போனார். அப்போது ரேமண்ட் லாம்பர்ட் என்பவர் அவருக்கு உயிர்த் தோழர் ஆனார். லாம்பர்ட்டுக்குக் கால் விரல்கள் கிடையாது. முன்பு ஒரு மலையில் பனி கடித்து, விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இருந்தும் மலையை விடவில்லை. இருவரும் ஒரு சின்னக் கூடாரத்தில் ஓர் இரவு தங்கினார்கள். படுக்கைப் பை இல்லை, அடுப்பு இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு டப்பாவைக் காட்டி, பனிக்கட்டியை உருக்கித்தான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்கள். உறைந்துவிடக் கூடாது என்று ஒருவர் உடம்பை ஒருவர் தேய்த்துவிட்டபடியே விடிய வைத்தார்கள்.

மறுநாள் மே 28. ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை ஏறிவிட்டார்கள். அதுவரை யாரும் ஏறிக் கீழே வந்து சொல்லாத உயரம் அது. உச்சி இன்னும் 250 மீட்டர்தான்! ஆனால் ஆக்சிஜன் கருவி சரியாக வேலை செய்யவில்லை. ஓர் அடி எடுத்து வைக்கவே பாடாக இருந்தது. மேலே போயிருந்தால் உச்சியைக்கூட எட்டியிருக்கலாம். கீழே வருவதற்குத் தெம்பு இருந்திருக்காது. இருவரும் அதை உணர்ந்து திரும்பினார்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பதினேழு வருட ஆசை கண்ணெதிரே நிற்கிறது. அதற்கு முதுகைக் காட்டிவிட்டு இறங்குவது எவ்வளவு கஷ்டம்! ஏறுவதற்கு வேண்டியதைவிடப் பெரிய தைரியம் அதற்கு வேண்டும். டென்சிங்கிடம் அது இருந்தது.

கயிறு காத்த உயிர்

1953-இல் ஜான் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு புறப்பட்டது. டென்சிங் அந்தக் குழுவின் ஷெர்பாக்களுக்குத் தலைவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. புறப்படும் முன் டார்ஜிலிங்கில் தினமும் என்ன செய்தார் தெரியுமா? முதுகுப் பை நிறையக் கற்களைப் போட்டுச் சுமந்துகொண்டு, அதிகாலையில் மேடும் பள்ளமுமாக நடந்தார். ஏழாவது முறை போகிறவர் இப்படிப் பயிற்சி எடுத்தார்!

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நாள் டென்சிங்கும் ஹிலாரியும் பனியருவிப் பகுதியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இருவர் இடுப்பிலும் ஒரே கயிறு. முன்னால் போன ஹிலாரி ஒரு பனிப்பிளவைத் தாண்டிக் குதித்தார். மறுபுறத்து விளிம்பு அப்படியே உடைந்தது. ஹிலாரி பிளவுக்குள் விழுந்தார்! பின்னால் வந்த டென்சிங் கண்ணிமைக்கும் நேரத்தில் தன் பனிக்கோடரியைப் பனியில் ஓங்கிக் குத்தி, கயிற்றை அதில் சுற்றிப் பிடித்தார். கயிறு விறைத்து நின்றது. ஹிலாரி பிழைத்தார். இவரோடுதான் உச்சிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் ஹிலாரிக்கு அன்று உறுதியாயிற்று.

உச்சிக்கு முதலில் அனுப்பப்பட்டவர்கள் இவர்கள் இல்லை. மே 26-ஆம் தேதி எவான்ஸ், போர்டில்லன் என்ற இருவர் போனார்கள். உச்சிக்கு 100 மீட்டர் இருக்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஆக்சிஜனும் குறைந்துகொண்டே வந்தது. அவர்களும் திரும்பினார்கள். வரும் வழியில் அவர்கள் விட்டுவைத்த இரண்டு ஆக்சிஜன் குடுவைகள், மூன்று நாள் கழித்து டென்சிங்குக்கும் ஹிலாரிக்கும் இறங்கும்போது உதவின. திரும்பி வந்தவர்கள் தோற்றுப்போனவர்கள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

மே 28 இரவு, சுமார் 8,500 மீட்டர் உயரத்தில் டென்சிங்கும் ஹிலாரியும் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ஹிலாரி பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினார். காலையில் பார்த்தால் அது கல்லாக உறைந்து கிடக்கிறது! அடுப்பில் வாட்டி இளக்குவதற்குள் பெரும்பாடு. டென்சிங் பூட்ஸைக் கழற்றவே இல்லை. அத்தனை வருட அனுபவம் சொல்லிக் கொடுத்த சின்ன விஷயம் அது. மலையேறுகிறவர்கள் கூடாரத்தில் உட்கார்ந்து பேசுவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களைத்தான். காலுறை காய்ந்ததா, முடிச்சு சரியா, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது. வீர வசனம் பேச அவர்களுக்கு நேரம் கிடையாது.

1953 மே 29, காலை 11.30 மணி. இருவரும் உச்சியில் நின்றார்கள். டென்சிங்கின் கழுத்தில் லாம்பர்ட் அன்பளிப்பாகக் கொடுத்த சிவப்புத் துண்டு. பனிக்கோடரியில் ஐ.நா. சபை, பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகள். மகள் நீமா கொடுத்தனுப்பிய சிவப்பு நீலப் பென்சிலையும் கொஞ்சம் மிட்டாயையும் பனியில் குழி பறித்து வைத்தார். மொத்தம் பதினைந்தே நிமிடம். பிறகு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். ஆக்சிஜன் கணக்கு அப்படி. அன்றைய நாளையே பிற்காலத்தில் டென்சிங் தன் பிறந்த நாளாக வைத்துக்கொண்டார்.

முதலில் யார் என்று ஊரெல்லாம் சண்டை போட்டது. டென்சிங்தான் முதலில் என்று சொல்லச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். 1955-இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையில் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். சில அடிகள் முன்னால் போனவர் ஹிலாரி. ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்களுக்குள் முதல், இரண்டு என்ன வேண்டியிருக்கிறது என்பதே அவர் எண்ணம்.

பாறையில் நடந்த பாடம்

1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் களப் பயிற்சிக்குத் தலைவர் டென்சிங். பள்ளிக்கூடமே போகாதவர் பல தலைமுறைகளுக்கு ஆசிரியர் ஆனார்! அங்கே இப்போதும் டென்சிங் பாறை என்ற பெயரில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அவர் 1986 மே 9 அன்று காலமானார். அவருடைய சிலை அந்தக் கழகத்தில்தான் நிற்கிறது.

நமக்கு இமயமலை தூரம். ஆனால் பாறை தூரமில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்கள், வெள்ளிகளில் வருகிற பிள்ளைகள் பெரியசாமி மலையைப் பார்த்திருப்பீர்கள். ரஞ்சன்குடிக் கோட்டைக்கும் பச்சைமலைக்கும் சுற்றுலா போயிருப்பீர்கள். அங்கெல்லாம் போகும்போது இவற்றை மனத்தில் வையுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். மலை தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏறும் முன் இறங்கும் வழியைப் பாருங்கள். ஏறும்போது பிடி கண்ணெதிரே தெரியும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியாது. அதனால் இறங்குவதுதான் கடினம்.

இரண்டு கை, இரண்டு கால் ஆக நான்கில் எப்போதும் மூன்று பாறையில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். பிடிக்கும் கல் ஆடுகிறதா என்று பார்த்த பிறகே பாரத்தைப் போடுங்கள். தாவிப் பிடிக்கவே கூடாது. கல் உருண்டால், கீழே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி உடனே சத்தம் போடுங்கள்.

துணி காயப் போடும் கயிறும் கிணற்றுக் கயிறும் மலையேறும் கயிறு ஆகா. கழலும் செருப்போடு பாறையில் ஏற வேண்டாம். மழை பெய்த பாறையில் பாசி வழுக்கும். சித்திரை வெயிலில் பாறை கையைச் சுடும். தண்ணீர் இல்லாமல் போகாதீர்கள். மலைத்தேன் கூட்டைக் கண்டால் கல் எறியாமல், கூச்சல் போடாமல் ஒதுங்கிப் போங்கள். இடி இடித்தால் உச்சியில் நிற்காமல் இறங்கிவிடுங்கள்.

முக்கியமாக, கைவிடப்பட்ட கல்குவாரிப் பக்கம் போகவே போகாதீர்கள். வெடி வைத்து உடைத்த பாறை எப்போது பெயரும் என்று சொல்ல முடியாது. கீழே தேங்கியிருக்கும் தண்ணீரின் ஆழமும் தெரியாது.

கூட வந்த பையன் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யலாம். உச்சியில் நின்று செல்ஃபி எடுக்க வாடா என்று கூப்பிடலாம். உங்கள் கால் நடுங்கினால், பொழுது சாய்ந்தால், மேகம் கறுத்தால், தயங்காமல் திரும்புங்கள். அப்போது யாராவது சிரித்தால், டென்சிங்கே ஆறு முறை திரும்பியவர் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். மலை எங்கேயும் போய்விடாது. அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். நீங்களும் இருக்க வேண்டும், அல்லவா?