ஜே, கே, பி, ஓ... இது வைரஸ் இல்லை, தமிழ்! விசைப்பலகைக்குப் பின்னால் இருக்கும் முத்தையா யார்?

பழைய தமிழ் ஃபைல் ஒன்றைத் திறக்கிறீர்கள். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. வைரஸ் ஏறிடுச்சோ என்று பயப்பட வேண்டாம். பாமினி எழுத்துருவில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கணினி ஆங்கில எழுத்தாகக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

சரி, ‘த’ ஏன் ஜே விசையில் உட்கார்ந்திருக்கிறது? அது டைப்ரைட்டர் காலத்துப் பழக்கம். அந்தக் கதை தொடங்குவது ரா.முத்தையாவிடம்.

யார் இவர்?

1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907-ல் மலாயா பக்கம் கப்பலேறினார். வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தர் வேலை. 1930 வரை அங்கேதான். ஆங்கிலத்துக்கு இருக்கும் டைப்ரைட்டர் தமிழுக்கு ஏன் கூடாது என்பதுதான் அவரைக் குடைந்த கேள்வி.

என்ன சிக்கல்?

தமிழில் 247 எழுத்துகள். டைப்ரைட்டரிலோ ஒரு விசைக்கு இரண்டு எழுத்து என்று வைத்தாலும் மொத்தம் நூறைத் தாண்டாது. அதனால் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி.

புள்ளி எழுத்தின் தலைக்கு மேல் உட்கார வேண்டுமே? அதற்குத்தான் ‘நகரா விசை’. அதை அடித்தால் குறி பதியும், காகிதம் நகராது. அடுத்து ‘ம’ அடித்தால் அதே இடத்தில் விழுந்து ‘ம்’ ஆகிவிடும். கையால் எழுதும்போது கடைசியில் வைக்கும் புள்ளி, இங்கே முதலில் வரும்!

‘ஸ்டாண்டர்ட்’ என்ற பெரிய பொறியில் தொடங்கி, ‘பிஜோ’, ‘ஐடியல்’ என்ற சிறிய பொறிகள் வரை அவர் தமிழில் கொண்டுவந்தார். அவை ஜெர்மனியில் தயாரானவை. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் நிலைத்தது.

இன்றைக்கு நமக்கு என்ன?

கணினி வந்ததும் நகரா விசைக்கு வேலை இல்லை. பாமினியில் புள்ளி கடைசிக்கே திரும்பிவிட்டது. ஆனால், விரல்கள் பழகிய ‘ய, ள, ன, க’ வரிசை அப்படியே நின்றது. 1999-ல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ அந்த வரிசையையும் மாற்றியது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ‘க’வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக வந்து ‘க்க’ ஆகிவிடும்.

இதில் மாட்டிக்கொள்வது யார்? திருநாவலூர் போன்ற ஊர்களிலிருந்து குரூப் 4 தட்டச்சர் பணிக்குத் தயாராகிறவர்கள்தான். இன்ஸ்டிடியூட்டில் ஒரு வரிசை, கணினியில் இன்னொரு வரிசை. ஒரே மொழிக்கு விரல்கள் இரண்டு முறை பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

எழுத்துகளை முத்தையா பிரித்தது இயந்திரத்தின் குறையைச் சமாளிக்க. அந்த இயந்திரம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நீங்கள் இப்போதுதான் கணினியில் தமிழ் பழகப் போகிறீர்கள் என்றால், நேரே தமிழ்99-ல் தொடங்கலாம். ஒரு பழக்கத்தை மறக்கும் வேலை மிச்சம்.