நல்ல தாய் அன்னாள் சத்தியநாதன் அம்மையார்

ஒரு வீட்டில் தந்தை கற்றால் அவ்வீட்டிற்கு ஒரு படித்தவர் கிடைக்கிறார். தாய் கற்றாலோ, கல்வி அவ்வீட்டின் குடிப்பொருளாகிவிடுகிறது. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில், இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்து மறைந்த கிறித்தவப் பெருமாட்டி ஒருவரின் வரலாற்றை நினைவுகூர விழைகின்றோம். அவர்தாம் அன்னாள் சத்தியநாதன் அம்மையார்.

அம்மையார் 1832-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் ஜான் தேவசகாயம் ஐயர், ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முன்னோடித் தமிழர்களுள் ஒருவர். திருநெல்வேலிச் சீமையின் கடாட்சபுரத்தில் நெடுங்காலம் தொண்டாற்றியவர். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த அந்நாளில், தம் மகளுக்குக் கல்வியூட்டிய தந்தை அவர். மறைநூலும் தமிழும் ஆங்கிலமும் அம்மையாருக்கு இளமையிலேயே கைவந்தன.

1849-இல் அம்மையார் டபிள்யூ. டி. சத்தியநாதன் அவர்களை மணந்தார். திருவேங்கடம் என்னும் பெயரோடு வைணவ நாயுடு குடும்பத்தில் பிறந்து, பாளையங்கோட்டையில் கண்பார்வையற்ற ஆசிரியரான குருக்சாங்க் அவர்களிடம் பயின்று, 1847-இல் கிறித்தவரானவர் அவர். பிறந்த வீட்டின் உறவையும் உடைமையையும் இழந்து வந்தவருக்கு, அம்மையார் மனைவியாக மட்டுமன்றி ஊழியத்தில் உடனுழைப்பாளராகவும் விளங்கினார்.

1860-களின் தொடக்கத்தில் இத்தம்பதியர் சென்னைக்கு வந்து சிந்தாதிரிப்பேட்டையில் குடியேறினர். கணவர் அங்குள்ள சீயோன் ஆலயத்தின் குருவானார். சிந்தாதிரிப்பேட்டை நம் பொதட்டூர்பேட்டையைப் போலவே தறியால் பிறந்த ஊர். 1734-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய சின்னத் தறிப்பேட்டையே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். அத்தறிப்பேட்டையில் அம்மையார் தம் வீட்டிலேயே சில சிறுமியரைக் கூட்டிப் பாடஞ்சொல்லத் தொடங்கினார். அச்சிறு முயற்சி வளர்ந்து பெண்கள் பள்ளிகளாயிற்று.

பூப்பெய்திய பெண் தெருவில் இறங்கலாகாது என்ற வழக்கம் மேற்குலத்து வீடுகளில் அக்காலத்தில் வலுவாக இருந்தது. பள்ளிக்கு வர இயலாத அப்பெண்களை நாடி அம்மையார் வீடு வீடாகச் சென்றார். எழுத்தும் கணக்கும் தையலும் மறைநூலும் அவர்களுக்குக் கற்பித்தார். இதனையே செனானா ஊழியம் என்பர். தாம் வாயால் சொல்லிவந்ததை ஏட்டிலும் ஏற்றவேண்டி, குழந்தை வளர்ப்பைப் பற்றி 'நல்ல தாய்' என்னும் தமிழ் நூலொன்றையும் இயற்றினார். பெண்கள் நூல் வாசிப்பதே அரிதாயிருந்த காலத்தில், பெண்களுக்கெனப் பெண்ணொருவர் தமிழில் எழுதிய நூல் அது.

ஊழியத்தின் பொருட்டுக் குடும்பத்தை மறந்தவரல்லர் அம்மையார். வீட்டில் வேளை தவறாத வேண்டுதலும், பிள்ளைகளின் படிப்பில் கண்ணுங்கருத்துமான கவனிப்பும் அவருடைய அன்றாடக் கடமைகள். 1878-இல் கணவரோடு இங்கிலாந்து சென்று திரும்பிய அம்மையார், அவ்வாண்டிலேயே, நாற்பத்தாறாம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்தாரேயன்றி அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. மகன் சாமுவேல் சத்தியநாதன் கேம்பிரிட்ஜில் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியரானார். சென்னை மாகாணக் கல்வி வரலாற்றை 1894-இல் நூலாக்கினார். 1881-இல் அவரை மணந்த கிருபாபாய், மருத்துவம் பயிலச் சென்னைக்கு வந்து அக்குடும்பத்தாரின் இல்லத்தில் தங்கியிருந்தவர். 'கமலா', 'சகுணா' என்னும் ஆங்கிலப் புதினங்களை எழுதிவிட்டு 1894-இல் இளமையிலேயே மறைந்தார். பின்னர் சாமுவேலின் மனைவியான கமலா அம்மையார், சென்னை மாகாணத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண்மணி. அவர் 1901-இல் தொடங்கிய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் இதழிலேதான், வங்கத்து ரொக்கேயா அம்மையாரின் புகழ்பெற்ற 'சுல்தானாவின் கனவு' 1905-இல் வெளிவந்தது. கமலா அம்மையாரின் மகள் பத்மினி சென்குப்தாவும் எழுத்தாளராகத் திகழ்ந்தார். இப்பேத்தியைப் பாட்டி கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் பாட்டியின் பள்ளியிலேதான் பேத்தி பயின்றாள் என்று சொல்வது மிகையாகாது.

இவ்விடத்தில் நம் மக்களின் நெஞ்சில் ஒரு வினா எழுதல் இயல்பே. அம்மையார் தேடிச் சென்ற கதவுகள் பெரும்பாலும் மேற்குலத்தாரின் கதவுகள். அடைத்து வைக்கப்பட்ட பெண்ணுக்குக் கல்வி வீடு தேடி வந்தது. நம் பாட்டிமாரை எவரும் அடைத்து வைக்கவில்லை. அவர்கள் விடியுமுன் வயலுக்குச் சென்றாக வேண்டும். அவர்களுக்கோ அடைத்திருந்தது பள்ளியின் கதவு. சேரிப் பிள்ளைகளுக்கெனக் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கியது 1894-இல்தான். அதற்குள் அம்மையார் மறைந்து பதினாறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இதனை அம்மையாரின் குறையாக நாம் எண்ணவில்லை. அக்காலச் சமுதாயத்தின் குறை அது.

எனினும் அம்மையார் விதைத்தது வீண்போகவில்லை. சீயோன் ஆலயத்தின் குருத்துவப் பணி, மகள் வழியில் கிளார்க் குடும்பத்தாரைச் சேர்ந்தது. அவ்வழியில் வந்த சுந்தர் கிளார்க் அவர்கள் 1974 முதல் 1989 வரை சென்னைப் பேராயராக விளங்கினார். அவர் மகன் சத்தியநாதன் கிளார்க், தலித்துகளையும் கிறித்தவத்தையும் பற்றி 1998-இல் ஆங்கிலத்தில் ஆய்வு நூலொன்றை வெளியிட்டார். தீட்டென்று ஒதுக்கப்பட்ட நம் பறையை இறையியலின் நடுவே வைத்துப் பேசிய நூல் அது. அன்னாள் அம்மையாரின் குடும்பம் பெற்ற கல்வி நம் பறையோசையைச் செவிமடுக்க நூற்றிருபது ஆண்டுகள் சென்றன.

நாம் இனி அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டுவதில்லை. பிறர் வந்து நம் கதவைத் தட்டவும் வேண்டுவதில்லை. நம் தெருவில் எழுத்தறிந்த தாய்மார் ஒவ்வொருவரும் தம் வீட்டுத் திண்ணையில் அண்டை வீட்டுச் சிறுமியர் நால்வரை அமர்த்திப் பாடஞ்சொல்வாராயின், சிந்தாதிரிப்பேட்டையில் நடந்தது பொதட்டூர்பேட்டையிலும் நடக்கும். பெண்மகவைப் பாதியில் பள்ளியினின்று நிறுத்தும் பெற்றோர், தாம் நிறுத்துவது ஒருத்தியின் படிப்பையன்று, வரவிருக்கும் நான்கு தலைமுறையின் படிப்பை என்பதை உணர்வாராக. அன்னாள் அம்மையாருக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.