வால்வில் இல்லை கோளாறு

ராத்திரி நிறுத்தும்போது நாலு சக்கரத்திலும் சமமாக நின்ற எஸ்யூவி, காலையில் பார்த்தால் ஒரு மூலை மட்டும் தரையோடு உட்கார்ந்திருக்கும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள, பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்க, பலர் இதைச் சொல்வாங்க. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரெஸர் கர்ரென்று ஓடும், உட்கார்ந்த மூலை மெதுவாக எழும்பும், ஓனரும் நிம்மதியாக ஆபீஸ் போய்விடுவார். சில மாசத்தில் கம்ப்ரெஸர் எரிந்துபோகும். காசைக் கொட்டிப் புதுசு போடுவார். கொஞ்ச நாளில் அதுவும் போகும்.

மெக்கானிக்கல் படிக்கிறவங்க இந்நேரம் காரணத்தைப் பிடித்திருப்பீங்க. ஏர் சஸ்பென்ஷனில் இரும்புச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் காற்று அடைத்த ரப்பர் பை இருக்கும். (விபத்தில் விரிகிற ஏர்பேக் வேறு, இது வேறு.) வண்டி ஏறி இறங்கும்போது பையின் அடிப்பகுதி ஒரு பிஸ்டன் மேல் மடிந்து மடிந்து உருளும். அந்த மடிப்பில்தான் வயசான ரப்பர் வெடிக்க ஆரம்பிக்கும். முடி கனத்தில் ஒரு விரிசல் போதும். காற்று கசியும், இறங்கிய உயரத்தை ஈடுகட்ட கம்ப்ரெஸர் ஓய்வில்லாமல் ஓடும், சூடாகிச் சாகும். ஸ்கேனரை மாட்டினால் அது பெரும்பாலும் கம்ப்ரெஸர் பக்கமே கையைக் காட்டும். நாமும் கம்ப்ரெஸரை மாற்றுவோம்.

கோளாறு ஒரு இடத்தில் இருக்க, வேறொரு பாகத்தைச் சரி செய்யும் இந்த வேலையை 1834-லேயே ஒருத்தர் அழகாகச் செய்தார். அவர் பெயரை நீங்க டயரில் படித்திருப்பீங்க: சார்லஸ் குட்இயர். அவர் காலத்தில் கார் கிடையாது. ஆனா அந்தப் பை காற்றைப் பிடித்து வைக்கிற சூட்சுமம் அவர் தேடிக் கண்டுபிடித்தது.

1800 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் ஊரில் பிறந்தார். அப்பா அமாசா குட்இயர் விவசாயக் கருவி, பித்தான் என்று சின்னச் சின்ன சாமான் செய்து விற்றவர். மகனும் அதே வழிக்கு வந்தார். 1824-ல் கிளாரிசாவோடு கல்யாணம். 1826-ல் பிலடெல்பியாவில் ஒரு ஹார்டுவேர் கடை. நாலு வருஷத்தில் கடை மூழ்கியது. அப்போதெல்லாம் கடனைக் கட்டவில்லை என்றால் ஜெயில்தான். அதற்கப்புறம் குட்இயர் எத்தனை முறை உள்ளே போய் வந்தார் என்று கணக்கு வைப்பதே கஷ்டம்.

1834-ல் நியூயார்க்கில் ராக்ஸ்பரி இந்தியா ரப்பர் கம்பெனியின் கடைக்குப் போனார். அங்கே காற்று ஊதிக் கட்டிக்கொள்ளும் ரப்பர் மிதவை ஒன்று இருந்தது. கப்பல் மூழ்கினால் உயிர் காக்கிற சாமான். அதன் ஊதுகுழாய் வால்வு மட்டமாக இருப்பது ஹார்டுவேர்க்காரர் கண்ணுக்கு உடனே பட்டது. வாங்கிக்கொண்டு போய், நல்ல வால்வு ஒன்று செய்து, அதை விற்கத் திரும்பி வந்தார். கடை மேனேஜர் வால்வைப் பாராட்டினார், ஆனா வாங்கவில்லை. வெயில் காலத்தில் உருகி, கூழாகி, நாற்றமெடுத்துத் திரும்பி வந்த சரக்கைக் காட்டினார். ரப்பரே நிற்காதபோது அதில் எந்த வால்வைப் போட்டு என்ன பிரயோஜனம்? கம்பெனியே கவிழ்கிற நிலைமையில் இருந்தது. வெயிலில் ஒட்டும், குளிரில் கல்லாகி உடையும். அன்றைய ரப்பர் அவ்வளவுதான்.

இன்னொருத்தராக இருந்தால் வேறு வேலை பார்க்கக் கிளம்பியிருப்பார். குட்இயர் ரப்பரைப் பிடித்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதும் பழைய கடனுக்காகப் பிடித்துப் போட்டார்கள். ஜெயிலிலேயே ஆராய்ச்சி ஆரம்பமானது. மனைவியிடம் ரப்பர் கட்டியும் பூரிக்கட்டையும் கொண்டுவரச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து பிசைந்தார். கெமிஸ்ட்ரி படித்தவர் இல்லை. கையில் கிடைத்ததையெல்லாம் ரப்பரில் கலந்து பார்க்கிறவர். மெக்னீசியா கலந்தார், வெள்ளையாக அழகாக வந்தது, அதில் செருப்பு செய்தார், வெயில் வந்ததும் தொங்கிவிட்டது. சுண்ணாம்பில் வேகவைத்தார். ஒட்டாமல் வந்தது, ஒரு சொட்டு அமிலம் பட்டதும் பழையபடி பிசுபிசு. நைட்ரிக் ஆசிட் போட்டார். மேல்தோல் வழவழவென்று நல்லா வந்தது, அந்தப் புகையில் அவர் சாகாமல் தப்பியதுதான் பெரிசு. அதை வைத்துத் தொழில் தொடங்கிய நேரம் பார்த்து 1837 பொருளாதார வீழ்ச்சி வந்து முதல் போட்டவரையும் சேர்த்து அடித்துப்போனது.

அப்புறம் மாசசூசெட்ஸ் மாநிலத்து வோபர்ன் ஊரில் நத்தானியேல் ஹேவர்டைச் சந்தித்தார். ரப்பரில் கந்தகத்தைத் தூவி வெயிலில் காயவைத்தால் ஒட்டுத்தன்மை போகிறது என்று கண்டவர் அவர். குட்இயர் அந்த உரிமையை வாங்கினார். இதற்கிடையே அரசாங்கத்திடமிருந்து 150 தபால் பைகளுக்கு ஆர்டர் வந்தது. பைகள் பிரமாதமாக வந்தன. சூடான ஒரு அறையில் மாட்டிவைத்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் போனார். திரும்பி வந்தால் பைகள் பிசுபிசுத்து, கைப்பிடி கழன்று, கீழே கிடந்தன. மேல்தோல்தான் பக்குவமாகியிருந்தது, உள்ளே பச்சை ரப்பர்.

இந்தத் தபால் பைக் கதையை நான் சஸ்பென்ஷன் பார்க்கிறவங்களுக்குச் சொல்வேன். செய்த அன்றைக்குப் பாஸ் ஆன பை, விட்டுவைத்த சில நாளில் ஃபெயில். ஏர் சஸ்பென்ஷனையும் அஞ்சு நிமிஷ டெஸ்ட் டிரைவில் பிடிக்க முடியாது, விட்டுவைத்துத்தான் பார்க்கணும். சமதரையில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கோங்க. காலையில் மறுபடி அளங்க. ஒரு விஷயம், சில வண்டிகளில் நிறுத்திய பிறகும் கன்ட்ரோல் யூனிட் அடிக்கடி விழித்து, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூலைகளையும் இறக்கிவிடும். அப்போ திருடன் யார் என்று தெரியாது. மேனுவலைப் பார்த்து அந்த சிஸ்டத்தின் பியூஸை இரவு எடுத்துவிட்டால் கசிகிற மூலை தனியாக இறங்கும். ஒரே மூலை என்றால் பை, அல்லது அதற்குப் போகும் டியூப், அல்லது இணைப்பு. மூலை மாறி மாறி இறங்கினால் வால்வு பிளாக் மேல் சந்தேகப்படலாம். இறங்கவே இல்லை, ஆனா ஓடும்போது உயரம் தப்பு என்றால் ஹைட் சென்சரின் துருப்பிடித்த கம்பியைப் பாருங்க. பிறகு வண்டியை உயர நிலைக்கு ஏற்றி, பையின் மடிப்பு விரிந்த நிலையில், சோப்புத் தண்ணி தெளிங்க. நுரை பொங்குகிற இடம்தான் இடம். காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ விடாதீங்க. பை இறங்கினால் ரெண்டு டன் இரும்பு மேலே வரும், அதனால் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் எல்லாம். கசிவை அடைத்த பிறகுதான் கம்ப்ரெஸருக்கு விலை விசாரிக்கணும். அப்படியே ஈரம் உறிஞ்சும் டிரையரையும் ரிலேயையும் பார்த்துவிடுங்க.

குட்இயரிடம் வருவோம். 1839 குளிர்காலம், வோபர்ன். கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பில் பட்டது. உருகி ஓடியிருக்க வேண்டிய ரப்பர், தோல் மாதிரி கருகி நின்றது. கருகிய ஓரத்தை ஒட்டி ஒரு கோடு மட்டும் கருகவும் இல்லை, ஒட்டவும் இல்லை. இதை எல்லோரும் தற்செயல் என்று சொல்லி முடித்துவிடுவாங்க. குட்இயருக்கே அந்தப் பேச்சு பிடிக்காது. எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. அஞ்சு வருஷமாக ரப்பர் உருகுவதையே பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்குத்தான் உருகாத கோடு கண்ணில் படும். அதோடு, அடுப்பு நாளைக்கும் பேட்டன்ட் நாளைக்கும் நடுவில் அஞ்சு வருஷம் இருக்கு. எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம், எவ்வளவு கந்தகம் என்று ஒன்றும் தெரியாது. வீட்டு அடுப்பிலும் அடுத்தவங்க பட்டறை உலையிலும் கெஞ்சிக் கேட்டுச் சுட்டுப் பார்த்தார். கடைசியில் அழுத்தத்தில் உள்ள நீராவியில், சுமார் 130 டிகிரி செல்சியஸில், நாலு முதல் ஆறு மணி நேரம் வைத்தால் ஒரே சீராக வருகிறது என்று பிடித்தார்.

உள்ளே நடந்தது என்னன்னு அவருக்குத் தெரியாது. செகண்ட் இயர் பாலிமர் பாடத்தில் நமக்குத் தெரியும்: நூடுல்ஸ் மாதிரி வழுக்கிக்கொண்டு கிடந்த நீளச் சங்கிலிகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டுக் கட்டிவிட்டது. ஆனா சங்கிலியில் மிச்சமிருக்கும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் உள்ள ஓசோன் கடிக்கும், அதுவும் ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால் சீக்கிரம் கடிக்கும். சூடு வருஷக்கணக்கில் ரப்பரை இறுக்கிக்கொண்டே போகும். எஸ்யூவி பையின் மடிப்பில் விரிசல் விழுவதும், வால்வு பிளாக்கின் ஓ-ரிங் காய்ந்து குளிர்காலக் காலையில் மட்டும் கசிவதும் இதனால்தான்.

அந்த அஞ்சு வருஷத்துக்கு விலை கொடுத்தது வீடு. பாத்திரம் பண்டம் அடகுக்குப் போனது, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம்கூட விற்றார். 1840 குளிர்காலத்தில் ரெண்டு வயசு மகன் இறந்தபோது அடக்கம் செய்யவும் கையில் பணம் இல்லை. அவரை மேதை என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவாங்க. கிளாரிசாவை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க என்றுதான் எனக்குத் தோணுது.

1844 ஜூன் 15-ல் அமெரிக்க பேட்டன்ட் 3633 கிடைத்தது. இங்கிலாந்தில் கிடைக்கவில்லை. விற்கலாம் என்று அங்கே போன அவருடைய மாதிரித் துண்டுகள் தாமஸ் ஹான்காக் கையில் சிக்கின. மேலே படிந்திருந்த கந்தகத்தை வைத்தே ஹான்காக் வழியைக் கண்டுபிடித்து, 1843 நவம்பரிலேயே விண்ணப்பித்துவிட்டார். ரோமானிய நெருப்புக் கடவுள் வல்கன் பெயரில் வல்கனைசேஷன் என்று பெயர் வைத்ததும் ஹான்காக்கின் நண்பர் பிராக்கெடன்தான். நம்ம ஊர் பஞ்சர் கடை போர்டில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் வல்கனைசிங் அங்கிருந்து வந்த சொல்.

அமெரிக்காவில் திருட்டுத்தனமாகத் தயாரித்தவர்கள் மேல் கேஸ் மேல் கேஸ். 1852-ல் டிரென்டன் கோர்ட்டில் அவருக்காக வாதாடியவர் டேனியல் வெப்ஸ்டர், அப்போது அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர். ஃபீஸ் 15,000 டாலர். ஜெயித்தார்கள். ஆனா பிசினஸில் குட்இயர் படுமோசம். லைசென்ஸை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார், வந்த பணத்தை 1851 லண்டன் கண்காட்சியில் ரப்பரிலேயே செய்த அரங்குக்குக் கொட்டினார். 1855 பாரிஸ் கண்காட்சியிலும் அதே கூத்து. பிரெஞ்சு பேட்டன்ட் ரத்தாக, கடன்காரர்கள் கிளிஷி சிறைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நெப்போலியன் கொடுத்த லீஜியன் ஆஃப் ஹானர் பதக்கம் அந்தச் சிறைக்கே வந்து சேர்ந்தது. கிளாரிசா அதைப் பார்க்கவில்லை, 1853-லேயே இறந்துவிட்டார்.

1860-ல் மகள் சாகக் கிடக்கிறாள் என்று கேட்டு நியூ ஹேவனுக்குப் புறப்பட்டார். நியூயார்க் வந்து இறங்கியபோது மகள் இறந்த செய்தி வந்தது. அங்கேயே விழுந்தவர் ஜூலை 1-ல் இறந்தார். வயசு 59. விட்டுப்போன கடன் சுமார் 2 லட்சம் டாலர்.

டயரில் இருக்கிற குட்இயர் கம்பெனியை 1898-ல் ஓஹியோவின் அக்ரன் நகரில் ஃபிராங்க் சைபர்லிங் தொடங்கினார். மரியாதைக்காக வைத்த பெயர். குட்இயர் குடும்பத்தில் யாருக்கும் அதில் பங்கு கிடையாது.